சூரைக் கறியும் காலைக் குளிசையும்

மீன் தின்று சாகப் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் கொக்கிளாயில் ஒருவரும் நம்பமாட்டார்கள். முள்ளுச் சிக்கினதோ என்று கேட்பார்கள். முள் இல்லை. பழுதான மீனும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுதான மீன் என்று சொல்லி என் மனுசனை ஏற்கெனவே இரண்டு பேர் பகிடி பண்ணிவிட்டார்கள். மூன்றாவது ஆள் வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

என் பெயர் ஜெசிந்தா. வயது நாற்பத்தொன்பது. மனுசன் சூசை கடலுக்குப் போகிறவர், நான் கருவாடு போடுகிறவள். ஒரே மகள் ரெஜினாவை வவுனியாவில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். "அம்மா, பஸ்ஸிலை வாற சனத்தை எல்லாம் பிடிச்சு வைச்சு இந்தக் கதையைச் சொல்லுறியள். ஒருக்கா எழுதி விடுங்கோ, அதுகள் பிழைச்சுப் போகட்டும்" என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. என்னைச் சுகப்படுத்தி அனுப்பியவர்கள் அவர்கள். தடுமாறினதும் அவர்கள்தான், கண்டுபிடித்ததும் அவர்கள்தான். கண்டுபிடித்ததில் பாதி எங்கள் வீட்டுக் கணக்கில் சேரவேண்டும்.

இருமல் தொடங்கியது மார்கழி மழையோடு. கருவாட்டுத் தூசி, உப்புக் காற்று, அடுப்புப் புகை என்று ஒவ்வொன்றின் மேலும் பழியைப் போட்டுக்கொண்டு தை மாதத்தையும் தாண்டினேன். பின்னேரமானால் காய்ச்சல் காயும். சட்டை தோளில் நிற்காது. ஒரு நாள் துப்பியதில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அதைக் கண்டது நான் இல்லை, சூசை. அவர் உடனே மோட்டார் சைக்கிளை வெளியில் எடுத்தார்.

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சளியை இரண்டு தரம் வாங்கினார்கள், ஒரு தரம் விடிய எழும்பின உடனே. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், காசநோய் என்று. ஊரில் அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்கு நெஞ்சுச்சளி என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

டொக்டர் பொறுமையான மனிதர். இது கிருமியால் வருவது, காற்றில் பரவுவது, பரம்பரையும் இல்லை, பாவமும் இல்லை என்றார். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை போட்டால் முழுதாக மாறும் என்றார். நான் கேட்டது ஒரு கேள்விதான்.

"என்ர மகளுக்கு ஏழு மாசம் டொக்டர். தலைப்பிள்ளை. அவளுக்கு மாமியாரும் இல்லை. நான் எப்ப அவளிட்டைப் போகலாம்?"

"இரண்டு மாசத்திலை திரும்பச் சளியைப் பாப்பம். கிருமி இல்லை எண்டு வந்தால் போகலாம். ஆனால் குளிசை தடைப்பட்டால் அந்த இரண்டு மாசமும் தள்ளிப்போகும், அம்மா."

வாட்டுக்குப் போகும் வழியிலேயே விரலை மடித்துப் பார்த்தேன். ரெஜினாவுக்கு நாள் குறித்திருந்தது உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் கிழமை. எனக்கு இரண்டு மாதம் முடிவதும் அதற்குச் சற்று முன்னம்தான். நாலைந்து நாள் சறுக்கினால் பரவாயில்லை. அதற்கு மேலே போனால், என் பிள்ளை தனியாகப் பெறவேண்டும், தனியாகக் குளிக்கவேண்டும், தனியாகப் பத்தியம் காய்ச்சித் தின்னவேண்டும். அதை நினைக்க எனக்கு நோயை விடப் பயமாக இருந்தது.

பெண்களின் நெஞ்சு வாட்டில் எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் தர்மபுரத்துக் கமலாக்கா. வயல்காரி, என்னை விட ஆறேழு வயது மூத்தவர், அதே குளிசையை ஒரு மாதமாகப் போடுகிறவர். முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார். "தங்கச்சி, நாளைக்குச் சலம் செம்மஞ்சளாப் போகும். கத்தாதை. அது குளிசையின்ர நிறம்." நான் கத்தினேன். சொல்லிவைத்தும் கத்தினேன். கமலாக்கா கட்டிலில் உருண்டு சிரித்தார்.

குளிசை என்றால் நாலு மருந்தை ஒன்றாய்ச் சேர்த்துச் செய்தது. விடியவே வெறுவயிற்றில் போடவேண்டும், தாதி, நாங்கள் மிஸ்ஸி என்கிறவர், முன்னால் நின்று விழுங்கினதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். நான் தொடங்கியது தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு அடுத்த நாள், வியாழக்கிழமை. வெள்ளி, சனி ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சூசை சாப்பாட்டுக் காரியரோடு வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இருபத்தாறு வருசக் குடித்தனத்தில் அந்த மனுசன் குசினிக்குள் வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான். ஆயிரம் மீனைக் கரைக்குக் கொண்டுவந்தவர், ஒரு மீனைச் சட்டியில் போட்டதில்லை. நான் வாட்டில் படுத்ததும், ரெஜினாவுக்குப் போன் எடுத்து, போனை அலுமாரியில் சாத்தி வைத்துவிட்டு, அவள் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவர் இங்கே காய்ச்சியிருக்கிறார். "அப்பா, புளி காணும். அப்பா, போதும், காணும்!" என்று அவள் கத்தக் கத்தப் புளியை விட்டிருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு கொக்கிளாயில் இருந்து அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்து, விறாந்தைக் கதிரையில், என்னிலிருந்து நாலு முழம் தள்ளி, முகக்கவசத்தோடு இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார்.

"எப்பிடி?"

"உப்புக் கூட" என்றேன். காரியரை வழித்து நக்கிவிட்டுத்தான் உப்புக் கூடிவிட்டது என்று குறை சொன்னேன்.

அவர் போய் அரை மணித்தியாலம் இருக்காது. காது முதலில் சுட்டது. பிறகு கன்னம், கழுத்து, நெஞ்சு. கண் எரிந்தது. தலைக்குள் யாரோ உலக்கை போட்ட மாதிரி இடி. நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. கமலாக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ மிஸ்ஸி, ஓடி வாங்கோ, இவளுக்கு முகம் இரத்தமாக் கிடக்கு!" என்று கத்தினார். கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து அரித்தது. பிரஷர் இறங்கியிருந்தது. ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் வந்த வழியே போய்விட்டது. நான் சத்தியமாகச் சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குக் கடமையில் இருந்தவர் சின்ன டொக்டர். இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, சோர்ந்த கண், ஆனால் ஒன்றையும் கேட்காமல் விடாத ஆள்.

"இண்டைக்கு ஏதும் வித்தியாசமாச் சாப்பிட்டியளோ அம்மா?"

"இல்லை டொக்டர்."

"வெளிச்சாப்பாடு ஏதும்?"

"சீ, இல்லை. வீட்டுச் சாப்பாடுதான்."

பொய் இல்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை. கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் ஒரு வித்தியாசமா? சோறு தின்றேன் என்றால் அதற்குள் மீனும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று கனவிலும் தோன்றவில்லை. டொக்டர் என் கட்டில் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் நாளாந்தக் குறிப்புத் தாளில், 'குளிசைக்கு ஒவ்வாமையோ?' என்று எழுதினார். எனக்கோ வேறு விளக்கம் இருந்தது. ஞாயிறு, பூசைக்குப் போகவில்லை, ஆண்டவர் கோபம். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது முழந்தாளில் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை சூசை திரும்ப வந்தார். கறி சாப்பிட்டேன், திரும்பவும் சிவந்தது, ஆனால் கொஞ்சம் குறைவு. வியாழக்கிழமை அவர் வரவே இல்லை, ஆனாலும் வந்தது, அதுவும் முன்னையதை விடக் கடுமையாக. வெள்ளிக்கிழமை அவர் வந்தார், ஒன்றும் இல்லை. தவக்கால வெள்ளி, ஆண்டவர் எனக்கு ஒரு நாள் விடுமுறை தந்திருக்கிறார் என்று கமலாக்காவிடம் சொன்னேன்.

"எனக்கு எந்த நாளும் விடுமுறைதானே தங்கச்சி" என்றார் அவர். "நானும் அதே குளிசைதான் போடுறன். முருகன் ஒவ்வொரு நாளும் டியூட்டி போல."

இரண்டு பேரும் சிரித்தோம். விடை அந்தப் பகிடிக்குள்ளேயே கிடந்தது, இரண்டு விசரிகளுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை பெரிய டொக்டர் குளிசையை நிறுத்தினார். உடம்பு ஏற்கவில்லை போல, நாலு நாள் விட்டுப் பார்ப்போம் என்றார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நாலு நாளும் ஒன்றும் இல்லை. முகம் வெளுத்துக் குளிர்ந்து கிடந்தது. நான் மட்டும் விரலை மடித்து எண்ணிக்கொண்டு கிடந்தேன், ஏனென்றால் கையில் இருந்த நாட்கள் அப்படியே போய்க்கொண்டிருந்தன. புதன்கிழமை பின்னேரம் டொக்டர் கட்டிலுக்கு வந்து சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

"நிப்பாட்ட நிண்டுட்டுது. அப்ப குளிசைதான் காரணம் போலை கிடக்கு. நாளைக்குத் திரும்பத் தொடங்குவம். இன்னொருக்கா வந்தால், எல்லாத்தையும் விட்டிட்டு, உங்களை வேற ஆஸ்பத்திரியிலை வைச்சு ஒவ்வொரு மருந்தாக் குடுத்துப் பாக்கவேணும். வேற மருந்து எண்டால் ஆறு மாசத்திலை முடியாது."

"மகள், டொக்டர்..."

"தெரியும் அம்மா" என்றார். அவருக்கும் கவலைதான்.

அன்றைக்கு ரெஜினா போனில் கேட்டாள், எப்போது வருகிறீர்கள் என்று. வருவேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் துவாயைக் கடித்துக்கொண்டு அழுதேன். கமலாக்கா வந்து என் காலடியில் இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

வியாழன் குளிசை போட்டேன், ஒன்றும் இல்லை. வெள்ளி ஒன்றும் இல்லை. சனி ஒன்றும் இல்லை. ஞாயிறு மத்தியானம் சூசை காரியரோடு வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. கடல் திறந்துவிட்டது, நல்ல சூரை பட்டது என்றார். கறி இப்போது கறி மாதிரி மணத்தது. எனக்குக் குளிசை திரும்பத் தொடங்கின வயிற்றுப் பிரட்டலில் பாதிதான் இறங்கியது. மிச்சத்தைக் கமலாக்காவுக்கு நீட்டினேன்.

"இதென்ன, கடல் மீனோ? எங்கட பக்கம் குளத்து மீன்தான் தங்கச்சி. இப்பிடி ஒரு கறி கண்டு எவ்வளவு நாள்" என்று ஒரு முள்ளையும் விடாமல் சாப்பிட்டார்.

சூசை விறாந்தையை விட்டு இறங்கவில்லை, காது சுடத் தொடங்கிவிட்டது. "வந்திட்டுது" என்றேன். அவ்வளவுதான், எல்லாம் போச்சு, என் பிள்ளை தனிய. சின்ன டொக்டர் ஓடிவந்தார், ஊசி, சேலைன். பெரிய டொக்டருக்குப் போன் எடுத்தார். நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று மிஸ்ஸியிடம் சொல்வது எனக்குக் கேட்டது. மிஸ்ஸி டிக்கெட்டையும் பேனையையும் எடுத்தார்.

அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல். "மிஸ்ஸி, எனக்கும் என்னவோ செய்யுது."

திரும்பிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு சின்னத் திட்டும் இல்லாமல் அதே குளிசையை விழுங்கிய கமலாக்காவின் முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்து கிடந்தது.

"கூடாத குளிசைப் பெட்டி ஒண்டு வந்திட்டுதோ டொக்டர்? எல்லாருக்கும் நிப்பாட்டவோ?" என்று மிஸ்ஸி பதறினார்.

நான் கையில் ஊசியோடு எழும்பி நின்றுவிட்டேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. "எழுதாதையுங்கோ! மிஸ்ஸி, பேனையை வையுங்கோ! குளிசை இல்லை, கறி! அக்கா ஒரு மாசமா இதைத்தானே போடுறா, இண்டைக்குத்தான் என்ர கறியைச் சாப்பிட்டவா!"

சின்ன டொக்டர் காரியரை எடுத்து மணந்து பார்த்தார். "பழுதான மீனோ?"

நோயை மறந்துபோனேன். "என்ர மனுசன் பழுதான மீன் தூக்கமாட்டார் டொக்டர்! என்னெண்டு நினைச்சியள்!"

வாசலில் நின்ற சூசை மெதுவாகச் சொன்னார். "நானும் அதே சட்டியிலைதான் டொக்டர் சாப்பிட்டனான். எந்த நாளும் அதிலைதான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

டொக்டர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "என்ன மீன்?" என்று கேட்டார்.

"சூரை."

"இருங்கோ. ஒருத்தரும் போகாதையுங்கோ" என்று சொல்லி, அக்காவுக்கும் ஊசியும் சேலைனும் போடுவித்துவிட்டுத் தங்கள் அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தடித்த புத்தகம், மறு கையில் போன். என் டிக்கெட்டைப் பிரித்துக் கட்டிலில் வைத்தார். அதில் எனக்கு முகம் சிவந்த ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தது. விறாந்தைக் கதிரையை வாசலுக்கு இழுத்துச் சூசையை இருக்கச் சொன்னார்.

"ஐயா, நீங்கள் கொண்டந்த கறி ஒவ்வொண்டும் ஞாபகம் இருக்கோ?"

"கறி ஞாபகம் இல்லை" என்றார் சூசை. "கடலுக்குப் போன நாளும் பட்ட மீனும் கேளுங்கோ."

கடலுக்குப் போகிறவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் மனுசனுக்கு எங்கள் கலியாண நாள் மறக்கும். போன மாதம் எந்தக் கிழமை எந்தக் காற்றில் எந்த மீன் எத்தனை பட்டது என்பது மறக்காது. அடுத்த முறை வலையை எங்கே போடுவது என்பது அதில்தான் இருக்கிறது.

"முதல் வந்தது முதல் ஞாயிற்றுக்கிழமை."

"சூரை ஏழு, கும்பளா இரண்டு. சனிக்கிழமை விடியப் பட்டது. ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போறேல்லை, அதாலை சனிக்கிழமை மீன்தான் காய்ச்சினனான்."

"செவ்வாய்?"

"சூரை கொஞ்சம். பாரைதான் கூட. கலந்து போட்டனான்."

"அண்டைக்குத்தான் குறைவா வந்திருக்கு." டொக்டரின் விரல் டிக்கெட்டில் ஓடியது. "வெள்ளி?"

"தவக்கால வெள்ளி எல்லே. மச்சம் இல்லை, பூசணிக்காய்."

"வெள்ளியிலை ஒண்டும் வரேல்லை. பிறகு நாங்கள் குளிசை நிப்பாட்டின நாலு நாள்?"

"அந்த நாலு நாளும் பேய்க்காத்து. ஒரு போட்டும் இறங்கேல்லை. சும்மா இருந்ததாலைதான் எந்த நாளும் வந்தனான். முட்டை பொரிச்சுக் கொண்டந்தனான், ஒரு நாள் பருப்பு."

டொக்டர் தலையில் கை வைத்தார். "நாங்கள் குளிசையை நிப்பாட்டினதாலை நிண்டது எண்டு நினைச்சம். அங்கை காத்து மீனை நிப்பாட்டியிருக்கு!" பிறகு அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. முகம் வாடியது. "ஆனால் அந்த வெள்ளிக்கு முதல் நாள், வியாழன். கடுமையா வந்திருக்கு. வியாழன் என்ன கொண்டந்தனீங்கள்?"

"வியாழன் நான் வரேல்லை டொக்டர்."

கட்டி வந்த எல்லாம் அந்த ஒரு நாளில் உடைந்துவிடும் போல இருந்தது. கமலாக்கா சிவந்த முகத்தோடு என்னையே பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாட்டு முழுக்கக் காது கொடுத்து நிற்கிறது, நான் வாயைத் திறக்கவேண்டும்.

"டொக்டர்" என்றேன். "செவ்வாய்க்கிழமை இவர் பொரியலும் கொண்டந்தவர். சூரைப் பொரியல். மிஸ்ஸி எடுத்துப்போடுவா எண்டு துவாய்க்குக் கீழை ஒளிச்சு வைச்சு வியாழக்கிழமை களவாச் சாப்பிட்டனான்."

வாட்டே சிரித்தது. மிஸ்ஸி, "அதுதான் அந்த மணம்!" என்றார். சின்ன டொக்டர் கையைத் தட்டினார், உண்மையாகவே கைதட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி. ஒரு நாளும் மிச்சம் இல்லாமல் எல்லாம் பொருந்திவிட்டது. "கமலாக்கா, நீங்கள் இதுக்கு முதல் மீன் சாப்பிடேல்லையோ?" என்று கடைசியாகக் கேட்டார். "மகன் கொண்டு வாறவன், எங்கட குளத்து மீன். ஒண்டும் செய்யேல்லை" என்றார் அக்கா. அதுவும் பொருந்தியது.

டொக்டர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். சூரை, கும்பளா மாதிரி மீன்களில், பிடித்துச் சில மணித்தியாலத்தில் ஹிஸ்டமின் என்ற ஒன்று ஊறத் தொடங்குமாம், கிடக்கக் கிடக்கக் கூடுமாம். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, காய்ச்சினாலும் பொரித்தாலும் போகாது. கொஞ்சமாக இருந்தால் நல்ல உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது, அதை உடைத்துத் தள்ள உள்ளே நொதியம் என்று ஒரு வேலைக்காரன் இருக்கிறான். எங்கள் குளிசைக்குள் இருக்கிற நாலு மருந்தில் ஒன்று, ஐசோனியாசிட் என்று பெயர், காசநோய்க் கிருமியைக் கொல்கிற அதே நேரம் இந்த வேலைக்காரனின் கையையும் கட்டிவிடுகிறது. அப்போது கொஞ்சமே கூடிப்போய் முகத்தில் ஏறுகிறது. சூசையின் வேலைக்காரன் கை கட்டப்படாதவன், அதனால்தான் அவருக்கு ஒன்றும் இல்லை. மீனும் நல்லது, குளிசையும் நல்லது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க ஏலாத சம்பந்திகள், அவ்வளவுதான்.

"அப்ப குளிசை?" என்றேன்.

"குளிசை நிப்பாட்டத் தேவையில்லை அம்மா. சூரையை நிப்பாட்டுங்கோ."

நான் கமலாக்காவைக் கட்டிப்பிடித்தேன், இரண்டு பேரின் சேலைன் குழாயும் சிக்கிக்கொண்டன, மிஸ்ஸி ஏசிக்கொண்டே பிரித்துவிட்டார்.

சூசை மட்டும் சிரிக்கவில்லை. காரியரை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தார். "அப்ப நான்தான் உனக்கு நஞ்சு தந்துகொண்டு இருந்தனான்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை. சின்ன டொக்டர்தான் அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நாங்கள் இரண்டு கிழமையா என்ன சாப்பிட்டது எண்டு கேட்டம், ஒண்டும் பிடிபடேல்லை. நீங்கள் பட்ட மீனைச் சொன்னியள், பத்து நிமிசத்திலை பிடிபட்டுது. உங்கட ஞாபகம் இல்லாட்டி இவவுக்கு நல்ல மருந்தை நாங்களே பறிச்சிருப்பம்."

திங்கட்கிழமை பெரிய டொக்டர் வந்து டிக்கெட்டை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தார். "மீன் சாப்பிட்டியளோ எண்டு நான் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. என்ர பிழை" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். பெரிய மனிதர்தான். மருந்தால் வருகிற கெடுதலை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப ஒரு படிவம் இருக்கிறதாம், அதைச் சின்ன டொக்டரைக் கொண்டு நிரப்புவித்தார். என் முகமும் என் மனுசனின் சூரையும் அரசாங்கக் கடுதாசியில் ஏறின. பிறகு சூசையைக் கூப்பிட்டு, கூடாத மீன், சாப்பிடக்கூடிய மீன் எல்லாவற்றையும் எங்கள் கரையில் சொல்கிற பெயரிலேயே சொல்லச் சொல்லி எழுதி, குளிசை வண்டிலில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வாட்டுக்கு வந்த ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, "மீன் சாப்பிடுறனீங்களோ? என்ன மீன்?"

அடுத்த செவ்வாய் சூசை கொண்டுவந்தது கடலோரக் களப்பில் பிடித்த திரளி மீன், பிடித்த உடனே காய்ச்சியது. கடலுக்குப் போகிறவர் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்றதைக் கண்டு ஊரே பகிடி பண்ணியிருக்கிறது. "சூசை, பேபி கிளாசுக்கு இறக்கிப்போட்டாங்களோ?" என்று கேட்டிருக்கிறார்கள். "அவளின்ர குளிசை முடியும் வரைக்கும் இதுதான்" என்றாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் கேட்டு அறிந்தேன்.

முகம் பிறகு ஒரு நாளும் சிவக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு நாள் தவறாமல் குளிசை போட்டேன். இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ரெஜினாவுக்குக் குத்துத் தொடங்கின அன்றைக்கு நான் வவுனியாவில் அவள் பக்கத்தில் நின்றேன். பெண்குழந்தை. என் கையில்தான் முதலில் தந்தார்கள்.

ஆறு மாதம் முடிந்தது. கடைசிக் குளிசை போட்டு ஒரு மாதம் கழிந்து, கிளினிக்கில் சின்ன டொக்டரிடம் கேட்டேன். "இனிச் சாப்பிடலாம் அம்மா, புது மீனா, ஐசிலை வைச்சதா" என்றார். அந்தச் சனிக்கிழமை சூசை கடலில் இருந்து ஒரு சூரையை ஐஸ் பெட்டியில் தனியாக வைத்துக் கொண்டுவந்தார். போன் தேவைப்படவில்லை, தானே காய்ச்சினார். ரெஜினா பிள்ளையோடு வந்திருந்தாள், மருமகனும் வந்திருந்தார். எனக்கு மட்டும் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு, ஒருவரும் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, படமோ ஓடுது?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சாப்பிட்டு முடித்தேன். சூசையின் கண் ஒரு தரம் மணிக்கூட்டில், ஒரு தரம் என் காதில். கால் மணி. அரை மணி. பேத்தி என் மடியில் நித்திரையாகிவிட்டாள். முக்கால் மணி. காது குளிர்ந்துதான் இருந்தது. ஒரு மணித்தியாலம் ஆனதும் சூசை மெதுவாகக் கிட்ட வந்து, ஆஸ்பத்திரி விறாந்தையில் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"எப்பிடி?"

நான் கோப்பையைத் திரும்ப நீட்டினேன்.

"உப்புக் கூட" என்றேன். "இன்னொரு துண்டு போடுங்கோ."